பொட்டு வைத்த டிஸ்க்

இராஜபாளையம்,
புரட்டாசி கடைசி.

அன்புள்ள மாப்பிள்ளை கௌதம்ராஜ் அவர்களுக்கு, மாமனார் இருளப்பசாமி, தலைமைக் காவலர் (ஓய்வு), எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்கள், பேத்தி, செல்வலட்சுமி, அவள் வயிற்றில் இருக்கிறது எல்லாரும் சுகமென்று நேற்றே போனில் கேட்டுவிட்டபடியால், அதையே மறுபடி கேட்டுத் தாளை வீணாக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். அதில் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீங்கள் ஒரு கட்டைவிரலைப் போட்டு விவகாரத்தை முடித்துவிடுகிறீர்கள். கட்டைவிரலை எல்லாம் நான் பதில் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஸ்டேஷனில் கைநாட்டு வாங்கினால்கூடப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஆகவே ஸ்பீடு போஸ்ட்.

விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் ஞாபகப்படுத்துகிறேன். சேத்தூரில் உங்கள் வீட்டில் பேத்திக்குக் காது குத்தியபோது, பந்தியில், உங்கள் தகப்பனார் பால்ச்சாமி சம்பந்தி, என் பங்காளிகள், சமையல்காரர் உட்பட எல்லோரும் கேட்கும்படி நீங்கள் சொன்னது: "மாமா, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற விண்டோஸ் பத்துக்கு இந்த அக்டோபரோட கம்பெனி ஆதரவு முடியுது. பதினொண்ணு அதுல ஏறாது. வயசாயிருச்சு. தூக்கிப் போட்டுட்டு பேசாம எங்ககூட பள்ளிக்கரணைக்கு வந்திருங்க." இதில் கம்ப்யூட்டரைச் சொன்னது எங்கே முடிகிறது, என்னைச் சொன்னது எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பந்தியில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. சிரித்தார்கள். அப்போதுதான் நான் இலையை மடித்துவிட்டு, பதினொன்றை அதில் ஏற்றிக் காட்டுகிறேன், தீபாவளிக்குள் ஏற்றிவிட்டால் சென்னைப் பேச்சை இனி எடுக்கக் கூடாது, நானும் சரி உங்கள் அத்தையும் சரி இந்த ஊர் எல்லையைத் தாண்ட மாட்டோம், ஏற்ற முடியாவிட்டால் தீபாவளிக்கு மறுநாளே பெட்டியோடு வந்து இறங்குகிறேன் என்றேன். நீங்களும் சரி என்றீர்கள். சம்பந்தி சாட்சி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்பெனி முறைப்படியே முயற்சி செய்தேன். இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று வந்தது. முப்பத்தாறு வருசம் சர்வீஸ் போட்டும் சப்-இன்ஸ்பெக்டர் ஆகாதவனுக்கு அந்த வார்த்தை புதுசு இல்லை. ஆனால் என் சொந்த வீட்டில், என் சொந்த மேஜை மேல் இருந்து அது வந்ததுதான் தாங்கவில்லை. பொறவு யூடியூபில் தேடினேன். வடக்கத்திப் பையன் ஒருவன் இந்தியில் விளக்கியிருந்தான். எனக்கு இந்தியில் 'சலோ' வரைக்கும்தான் தெரியும். அதனால் அவன் வாயைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தேன். இருபது தடவை பார்த்ததும் புரிந்துவிட்டது. பதினொன்று உள்ளே வருவதற்கு முன்னால் வாசலில் ஒரு கேள்வி கேட்கிறது: உன் வயசென்ன, இன்ன பாதுகாப்புச் சில்லு உன்னிடம் இருக்கிறதா என்று. அந்தக் கேள்வி கேட்கிற துண்டை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை வைத்து நாமே சொந்தமாக ஒரு டிவிடி டிஸ்க் தயார் செய்து, அதிலிருந்து மெஷினை எழுப்பினால், கேட்க ஆளில்லாமல் பதினொன்று உள்ளே வந்துவிடும். மெஷினைப் பொய் சொல்ல வைப்பது எனக்குத் தகுமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கேள்வி கேட்டால்தானே பொய். கேட்காத கேள்விக்குச் சும்மா இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று முடிவு செய்தேன்.

பென் டிரைவில் போட்டிருக்கலாமே என்று இந்த இடத்தில் உங்கள் வாய் துறுதுறுக்கும். என் மெஷின் பென் டிரைவைப் பார்த்தால் யாரோ எவரோ என்று திரும்பிக்கொள்ளும். அது டிஸ்கிலிருந்துதான் எந்திரிக்கும். அதுவும் சாதா டிஸ்கில் பதினொன்று அடங்காது, ரெட்டை அளவு பிடிக்கிற டிஸ்க் வேண்டும். ஜெராக்ஸ் கடை அனுசியாவிடம் கேட்டேன். "டிஸ்கா? கொய்யா மரத்துல கிளி விரட்டக் கட்டவா சித்தப்பா?" என்றாள். இந்த ஊரில் நான் ஏறாத கடை இல்லை. கடைசியில் அவளே மனசு இரங்கி, வில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கிற லிங்கேஸ்வரன் என்று ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் இருந்தாலும் இருக்கும் என்றாள்.

பஸ் ஏறிப் போனேன். லிங்கேஸ்வரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். ரெட்டை அளவு டிஸ்க், மூன்று நாள் கல்யாணத்தை ஒன்றிலே அடக்குவதற்காக வாங்கியது, இப்போது யாரும் கேட்பதில்லை, கடைசியாக ரெண்டுதான் கிடக்கிறது என்று எடுத்தும் வைத்தார். நான் கை நீட்டியதும் தன் கையை இழுத்துக்கொண்டார். "ஏட்டையா, என்னைத் தெரியலையா. டிரிபிள்ஸ் போனேன்னு பிடிச்சு, ரெண்டு டயர்லயும் காத்தைப் புடுங்கி விட்டீகளே. வில்லிபுத்தூர் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தேன்" என்றார். சட்டம் அப்படி என்றேன். அப்படியானால் செத்த நேரம் உட்காருங்கள் என்றார். அந்தச் செத்த நேரத்தில் ஒரு வளைகாப்பு, ஒரு புதுமனை புகுவிழா, பாதி நிச்சயதார்த்தம் அளவுக்கு வீடியோவை எடிட்டிங் பண்ணி முடித்தார். நான் அசையவில்லை. பாரா டூட்டி பார்த்தவனை உட்கார வைத்துத் தோற்கடிக்க முடியாது. கடைசியில் அவரே டீ வாங்கிக் கொடுத்து, ரெண்டு டிஸ்கையும் கொடுத்து, வாசல் வரை வந்து, "இனிமே டிரிபிள்ஸ் போனா விட்டிருங்க" என்றார். நான் ஓய்வு பெற்றுவிட்டதை அவரிடம் சொல்லவில்லை.

முதல் டிஸ்க் பாதி ரைட் ஆகியிருந்தபோது கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு. பேப்பரில் போட்டிருந்தார்களாம். அந்தப் பக்கத்தின் மேல்தான் உங்கள் அத்தை வத்தல் காயப் போட்டிருந்தாள். டிஸ்க் வீணாகிவிட்டது. அனுசியா சொன்ன மாதிரியே இப்போது கொய்யா மரத்தில் தொங்குகிறது, ஒரு கிளி அதில் முகம் பார்த்துக்கொண்டு தினமும் பழம் தின்கிறது. மிச்சம் ஒரே ஒரு டிஸ்க். அதை மிக ஜாக்கிரதையாக ரைட் பண்ணி, மேல் பக்கம் மார்க்கரால் 'பதினொன்று, இருளப்பசாமி தயாரிப்பு' என்று எழுதி வைத்தேன். மறுநாள் ஆயுத பூஜை. நல்ல நாள் பார்த்து நாமே செய்த ஆயுதம், பூஜையில் வைத்துவிட்டு மெஷினில் போடுவோம் என்று, அரிவாள், அரிவாள்மனை, மிக்சி, என் டிவிஎஸ் வண்டிச் சாவி வரிசையில் அதையும் நானே கொண்டுபோய் வைத்தேன். இது ஒன்றுதான் நான் செய்த தப்பு.

பூஜை முடிந்து மெஷினில் போட்டேன். சளி பிடித்த மாதிரி கர்ரு கர்ருன்னு ஒரு சத்தம். டிஸ்க் படிக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி இருமுது. நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. லிங்கேஸ்வரன் பழைய பகையை மனசுல வச்சு ஓட்டை டிஸ்கைக் கொடுத்திட்டாரோ, வடக்கத்திப் பையன் விரலு ஏதும் தப்பா நகர்ந்துச்சோ, நீங்கதான் சென்னையில இருந்தே இன்டர்நெட் வழியா ஏதும் பண்ணிட்டீகளோ என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தேன், மன்னிக்கவும், அது விசாரணையில் ஒரு கட்டம். ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. தீபாவளி வேற நெருங்குது. பள்ளிக்கரணை பால்கனியில நான் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து எதிர் வீட்டு பால்கனியில இருக்கிற இன்னொரு மாமனாரைப் பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி கண்ணு முன்னாடி வந்துபோச்சு. கடைசியில் டிஸ்க் போடுகிற டிரைவையே கழற்றினேன். உள்ளே சிவப்பாகப் பொடி. துரு என்று நினைத்து விரலில் தொட்டு மோந்தால், குங்குமம். டிஸ்கைத் திருப்பிப் பார்க்கிறேன், பளபளவென்று இருக்கிற பக்கத்தில், அதாவது மெஷின் படிக்கிற பக்கத்தில், மூன்று இடத்தில் சந்தனம், ஒவ்வொரு சந்தனத்தின் மேலும் குங்குமம்.

அத்தையைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். "பொட்டு" என்றாள். பொட்டு என்று எனக்கும் தெரியும், எழுதியிருக்கிற பக்கத்தில் வைக்க வேண்டியதுதானே என்றேன். "எழுதியிருக்கிறது முதுகு. மினுங்குறதுதானே முகம். முகத்துலதானே பொட்டு வைப்பாக" என்றாள். அடுத்த வீட்டு மாரிச்செல்வி பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்க்கிறாள் அல்லவா, ஆபரேஷனுக்குப் போகிற சுத்தமான துணி ஒரு முழம் கொடுத்தாள். அதை வைத்து டிஸ்கைத் துடைத்து, டிரைவின் கண்ணாடியைத் துடைத்து, ஊதி, மூடி, குலசாமியைக் கும்பிட்டுவிட்டுப் போட்டேன்.

எந்திரிச்சிருச்சு மாப்பிள்ளை.

ஒரு கேள்வி கேட்கவில்லை. வயசு கேட்கவில்லை, சில்லு கேட்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, மத்தியானம் வரை தன் வேலையைத் தான் பார்த்து, வரவேற்கிறோம் என்று வந்து நின்றது. அன்றைக்கே சேத்தூர் போய் உங்கள் தகப்பனாரை வண்டியில் வைத்துக் கூட்டிவந்து மெஷின் முன்னால் உட்கார வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "முந்தி இருந்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தி வித்தியாசம்?" என்றார். ஓரத்தில் இருந்த பட்டன் இப்போது நடுவில் இருக்கிறது என்று காட்டினேன். "இம்புட்டுக்குத்தானா?" என்றார். இருந்தாலும் சாட்சி சாட்சிதான். இத்துடன் அவர் கையெழுத்துப் போட்ட தாள் இணைத்திருக்கிறேன்.

ஆகவே முடிவு என்னவென்றால், பந்தியில் பேசியபடி நான் ஜெயித்துவிட்டேன். நானும் வரவில்லை, அத்தையும் வரவில்லை. பள்ளிக்கரணை என்ற சொல் இனி நம் பேச்சில் வரக் கூடாது. ஆதரவு முடிந்துவிட்டது என்று கம்பெனி சொன்னால் நீங்கள் நம்புங்கள், உங்கள் வேலை அப்படி. என்னிடம் சொல்ல வேண்டாம். குழந்தை பிறந்ததும் போட்டோ அனுப்பினால் போதும், மெஷினில் பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் மூவரும், வரப்போகிறவரும், நோய் நொடியில்லாமல் குலசாமி துணையோடு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். செல்வலட்சுமியை மாடி ஏற வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
மாமனார்,
இருளப்பசாமி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடி முன்னறைக்குப் போனேன். ஆயுத பூஜைப் பொட்டு இன்னும் எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது. டிவியில், கண்ணாடியில் வைக்காமல் ஓரச் சட்டத்தில். நிலைக்கண்ணாடியில், மரச்சட்டத்தில். என் மூக்குக்கண்ணாடியில்கூடக் கண்ணாடியில் இல்லை, கூட்டின் மேல். மினுங்குகிற எந்த முகத்திலும் உங்கள் அத்தை பொட்டு வைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வைத்ததில்லை. மறைக்கும் என்று அவளுக்குத் தெரியும். டிஸ்கில் மட்டும் ஏன் தெரியவில்லை? இத்தனை வருசம் ஊரான் வீட்டுத் திருட்டை எல்லாம் கண்டுபிடித்த எனக்கு இதைக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆகியிருக்கிறது. வெளியே போய் விசாரித்தேன். மாரிச்செல்வியிடம் பூஜைக்கு முந்தின நாளே, அந்த வட்டத்தை மெஷின் எந்தப் பக்கம் படிக்கும் என்று அத்தை கேட்டிருக்கிறாள்.

அடுப்படிக்குப் போய் நின்றேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"ஏன் இப்படிப் பண்ணுன?"

"அவளுக்கு மாசி மாசம் பிரசவம். மூத்ததுக்கு இங்க வந்தா, நான் பாத்தேன். இதுக்கு அங்கதான். இடுப்பு வலியெடுத்து அம்மான்னு கூப்பிட்டா யாரு இருக்கா? நீங்க பாட்டுக்கு பந்தியில எழுந்து என்னையும் சேத்து சபதம் போட்டுட்டு வந்துட்டீக. நீங்க ஜெயிச்சா நான் எப்படிப் போறது?"

அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். "எனக்கு அந்தக் கெழட்டு மெஷின் தோக்கணும். அம்புட்டுத்தான்."

ஆகவே மேலே எழுதியவற்றில் முடிவு என்ற பத்தியை மட்டும் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். தாளில் அடிக்கவில்லை, எழுத்து அழகாக வந்திருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் பொதிகை எக்ஸ்பிரஸில் ரெண்டு பெர்த் போடுங்கள், அத்தைக்குக் கீழ் பெர்த். இது நான் தோற்றுப்போய் வருவதல்ல என்பதைச் சம்பந்தியிடமும் சமையல்காரரிடமும் தெளிவாகச் சொல்லிவிடவும். மெஷினையும் கூடவே கொண்டுவருகிறேன். அதை நான் மடியில் வைத்துக்கொள்வேன். அதற்கு மேஜை வேண்டும், பால்கனியில் வேண்டாம். எழுந்திருக்க மறுத்தால் மறுபடி எழுப்ப வேண்டியிருக்குமே என்று டிஸ்கைச் சட்டைப் பையில் எடுத்து வைக்கப் போனேன். அத்தை அதற்கும் பயணப் பொட்டு வைத்திருக்கிறாள். எழுதியிருக்கிற பக்கத்தில்.