அப்பா பெயருக்கு முளைத்த தாடி

ராஜபாளையம்,
வியாழன் காலை.

அன்புள்ள மாப்பிள்ளை ஜெர்வினுக்கு, அத்தான் ஐயாதுரை எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அக்கா அன்னத்தாயும் சுகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீயும் சுகமாக இரு, நான் அங்கே வந்து சேரும்வரைக்குமாவது. போனில் திட்டினால் கட் பண்ணிவிடுகிறாய். அதனால் இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு வாரமாக என் முகத்துக்குச் செய்யுமுன் ஆபீஸ் சுவருக்குத்தான் சவரம் செய்கிறேன்.

கம்பெனி முன்னறையில் ‘சாம்சன் பேண்டேஜ்’ என்று அப்பா பெயரைப் புடைப்பு எழுத்தில் வைக்க ஆசைப்பட்டேன். அது குற்றமா? பக்கத்துப் பட்டறை மாரிச்சாமி, ஸ்டீலில் வெட்டி ஸ்க்ரூ போட்டு முடுக்கித் தாரேன் என்றார். நீதான் “ஸ்டீலெல்லாம் பழசு அத்தான், நம்ம கிளாட்வின் அக்ரிலிக்குல செய்வான், கண்ணாடி மாதிரி மின்னும்” என்று உன் கூட்டாளியை அனுப்பினாய். அவன் சாம்பிளைப் பால்கோவா டப்பாவில் கொண்டுவந்தான். ஆசையாகத் திறந்தால் உள்ளே மஞ்சளாக ஒரு ‘ச’. அப்பவே விரட்டியிருக்கணும். ஸ்க்ரூ வேண்டாமா தம்பி என்றேன். “உள்ள வைக்கிற எழுத்துக்கு வெயிலா மழையா, டேப்பு போதும் அண்ணாச்சி” என்றான். வெயிலைப் பேசினான், மழையைப் பேசினான், பேண்டேஜ் கம்பெனிக்குள் நின்றுகொண்டு பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டானா படுபாவி?

ஒட்டின மறுநாளே தறியில் பறக்கிற பஞ்சு அம்புட்டும் எழுத்தில் அப்பிக்கிட்டது. உயிரோடு இருந்தவரை அப்பா தலையில் ஒரு முடி கிடையாது, இப்போ சுவரில் தாடியோடு நிற்கிறார். துணி மடிக்கிற ஆவுடையம்மாள், “மொதலாளி, ஐயாவுக்கு வேளாங்கண்ணியில முடி எறக்க நேந்திருக்கியளா?” என்கிறாள். கிளாட்வினுக்குப் போன் போட்டேன்.

“காய்ஞ்ச துணியால தொடைச்சியளா? தலை சீவுன சீப்பு காகிதத்த இழுக்கிற மாதிரி, தொடைக்கத் தொடைக்கப் பஞ்ச இழுக்கும் அண்ணாச்சி.”

“தொடைக்காம விட்டா?”

“அப்பவும் ஒட்டும்.”

இதைச் சொல்ல ஒரு சப்ளையரா? நாளைக்கு மதுரையிலிருந்து விஜயபாண்டி சார் வாரார். ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு எடுக்கிறவர். முன்னறையில் தூசி கண்டால் உள்ளே கால் வைக்காமல் திரும்பிவிடுவாராம். அவர் ஆர்டர் போனால் பாதித் தறி நிற்கும், ஆவுடையம்மாள் என்னைக் கேலி செய்ய வேலைக்கே வரமாட்டாள். ஆகவே கிளாட்வின் இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வந்து அம்புட்டு எழுத்தையும் பிடுங்கிவிட்டு, மாரிச்சாமியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போகணும். வரவில்லை என்றால் அவனை அந்த டேப்பிலேயே சுவரில் ஒட்டிவிடுவேன், பக்கத்தில் உன்னையும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உனக்கு ஆசீர்வாதம் உண்டு, ஆனால் இப்போது இல்லை.

இப்படிக்கு,
கோபத்துடன்,
அத்தான் ஐயாதுரை

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் விஜயபாண்டி சார் இன்றைக்கே வந்துவிட்டார். தாடியை அண்ணாந்து பார்த்து வாயைத் திறந்தார். ‘ம்’மில் புள்ளி நிற்க, ‘ம’ மட்டும் கழன்று அவர் நெற்றியில் விழுந்து உடைந்தது. நம் பேண்டேஜைத்தான் கட்டினோம். செத்த நேரத்தில் ரத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒரு வருஷ ஆர்டர் கொடுத்தார். கிளாட்வின் எதையும் பிடுங்க வேண்டாம். ஒரு ‘ம’ மட்டும் கொண்டுவரட்டும், புள்ளி சுவரிலேயே இருக்கிறது. அதே டேப்பு போதும். திங்கட்கிழமை திருச்சிப் பார்ட்டி வருகிறார்.