தண்ணீர் குடித்தால் பேசக்கூடாது

என்றும் மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. சித்தியும் தங்கையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கோர்ட்டுச் சமரச மையத்து வராந்தா பெஞ்சில் அப்படி எழுதக் கை வரவில்லை. உங்கள் கம்பெனியில் தட்டச்சுக்கு ஆள் தேவை என்றீர்களே, அந்த இடம் இன்னும் காலியா?

உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது இங்கே விதி. ஆகவே படித்ததும் கிழித்துவிடவும்.

வழக்கில் எங்கள் கட்சிக்காரர், அச்சகம் வைத்திருக்கும் ஓர் அண்ணன். எதிர்த்தரப்பு, கூடப் பிறந்த தம்பி. அச்சகத்தின் நடுவே சுவர் எழுப்பிப் பாதியைத் தனக்குத் தரவேண்டும் என்று தம்பி வழக்குப் போட்டிருக்கிறார். சுவர் வருகிற இடத்தில் நிற்பது இருவருக்கும் சோறு போடும் ஒரே இயந்திரம். "இது சமரசத்துல முடிஞ்சா அடுத்த கேஸ் உன் கையில. இல்லேன்னா பழையபடி கேஸ் கட்டு தைக்கப் போயிடு" என்று என் சீனியர் வக்கீல் சொல்லிவிட்டார். நான் விடுவேனா? மூன்று நாள் அண்ணனை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். எது இல்லாமல் முடியாது, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று இரண்டு தாளில் எழுதச் சொன்னேன். முதல் தாள் நிரம்பிப் பின்பக்கமும் போனது, இரண்டாவதில் 'பழைய மேஜை' என்று மட்டும் இருந்தது. நானே தம்பியாக நடித்து அவரைக் கோபப்படுத்திப் பார்த்தேன். "பாப்பா, என் தம்பி இவ்வளவு மரியாதையா பேசினா நான் ஏன் இங்க வர்றேன்" என்றார். வாயைத் திறந்தால் தம்பியின் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆரம்பிக்கிறவர் என்பதால் ஓர் ஏற்பாடு செய்தேன். நான் தண்ணீர் குடித்தால் அவர் பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

என் தொண்டையை நான் யோசிக்கவில்லை, சித்தப்பா. நாலு பேர் முன்னால் அது வறண்டு போகும் என்பது உங்களுக்கே தெரியும். சமரசர் தம்மை அறிமுகப்படுத்தி முடிப்பதற்குள் ஒரு பாட்டில் காலி. அண்ணன் வாயைத் திறப்பார், நான் குடிப்பேன், அவர் மூடிக்கொள்வார். தம்பி அரை மணி நேரம் குற்றமாக அடுக்கினார். ஆயுள் முழுக்கக் கத்திய அண்ணன் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அண்ணன் மெதுவாக என்னைக் கைகாட்டி, "வக்கீலம்மா தண்ணி குடிக்கிறாங்க" என்றார்.

"குடிச்சா?"

"நான் பேசக்கூடாது."

தம்பி எழுந்து நின்றார். "எங்க அண்ணன் வாயை அடைக்க நீ யாரும்மா? அவர் கத்தினா உனக்கென்ன?"

"டேய், சின்னப் பொண்ணுடா, விடு."

"நீ சும்மா இருண்ணே. வக்கீலுங்க எல்லாம் முதல்ல வெளிய போகட்டும்."

அண்ணனும் தலையாட்டிவிட்டார். நான், சீனியர், தம்பியின் வக்கீல், மூவரும் வெளியே. முக்கால் மணி நேரமாக உள்ளே அண்ணன் கத்துவது கேட்கிறது. சீனியர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறார். நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் கட்டு தைக்கக்கூட லாயக்கில்லை என்பதை அப்பாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லவும்.

சித்திக்கு வணக்கம், தங்கைக்கு முத்தம். அவளை வக்கீலுக்கு மட்டும் படிக்கவைக்க வேண்டாம்.

உங்கள் ஆசியை வேண்டும்
மகள்

பி.கு.: அண்ணன் கதவைத் திறந்து தலையை நீட்டுகிறார். "ஏம்மா, இங்க என்ன பண்றே? சுவரு வேணாம்னு முடிவாகி எவ்வளவு நேரமாச்சு. மெஷின் காலையில அவனுக்கு, மத்தியானத்துக்கு மேல எனக்கு. எழுத ஆள் இல்லாம உக்காந்திருக்கோம்." சீனியர் பேனாவோடு எழுந்தார். "நீங்க இல்ல சார், பொண்ணு எழுதட்டும்" என்று உள்ளேயிருந்து தம்பியின் குரல். தட்டச்சுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள், அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மத்தியானம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று அதற்குள் தகராறு கிளம்பிவிட்டது. நான் போகிறேன்.