கீழ்வீட்டு டெலிபோன் பில்லை நான் படித்த விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

மாடியிலிருந்து உன் தங்கை எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். நீ நலமா என்று பதினேழு படி இறங்கிவந்து நேரில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் படிக்கட்டுக் கதவை நீ உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. நானும் இரண்டு தடவை தட்டினேன். இரண்டு தடவையும் நீ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாய். அதனால்தான் ஒரே வீட்டுக்குள் தபால். தபால்காரர் இதை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு நம் வாசலுக்கே வந்து போடுவார். அவர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். உறையை நன்றாக ஒட்டித்தான் அனுப்பப் போகிறேன், உன் கைக்கு வருமுன் யாரும் பிரிக்காதபடி. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்பது இங்கே வரைக்கும் கேட்கிறது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது பாதிதான். தெரியாத பாதிதான் மோசம். சில மாதம் முன்பு எங்கள் வங்கி, இனிமேல் கரண்ட் பில், தண்ணீர் பில், டெலிபோன் பில் எதுவும் தபாலில் வர வேண்டாம், எல்லாம் வங்கியின் இணையப் பக்கத்துக்கே வந்துவிடும், வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்து அங்கேயே கட்டிவிடலாம் என்று அறிவித்தது. நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. கல்லூரி நூலகத்தில் இருபத்துநான்கு வருஷமாக அட்டவணை போடுகிறவள். அட்டையில் இருக்கும் தலைப்பையே உள்ளே திறந்து சரிபார்த்த பிறகுதான் எழுதுவேன். அப்படிப்பட்டவள் எப்படி விழுந்தேன் என்றால், அவர்களுடைய ஒப்பந்தத்தின் முப்பத்தோரு பக்கத்தையும் படித்து, ஆறாம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும் ஒன்றுக்கொன்று முரண்படுவதைக் குறித்துக்கொண்டு, சண்டை போடத்தான் வங்கிக்குப் போனேன். அங்கே டை கட்டிய ஓர் அதிகாரி நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டு, "மேடம், இதை முழுசாப் படிச்ச முதல் ஆள் நீங்கதான். எங்க மேனேஜரே படிச்சதில்ல" என்றார். அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கிளையில் இதில் சேர்ந்தவர்களில் நான் ஏழாவது ஆளாம். ஒரு வாரம் அந்த ஏழாம் இடத்தைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படிவத்தில் "தங்கள் பெயரில் உள்ள அனைத்து இணைப்புகளும்" என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் அடித்தேன். நீ கீழே குடிவந்தபோது இரண்டு டெலிபோனுக்கும் நானே ஒரே நாளில் விண்ணப்பம் எழுதிப் போட்டது, இரண்டுமே என் பெயரில் இருப்பது, எதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. இது சத்தியமான உண்மை. இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியது அதிகம் இல்லை.

எட்டு வருஷமாக உன் பில் என் பெயருக்கு வந்திருக்கிறது. தொண்ணூற்றாறு உறை. அப்படியே உன் கதவிடுக்கில் செருகுவேன். ஒன்றைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததில்லை. இதை என்னுடைய நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உறையில் இருந்த பசை என்று இப்போதுதான் தெரிகிறது. இணையத்தில் வருகிற பில்லுக்கு உறை கிடையாது அக்கா. கம்ப்யூட்டரை டெலிபோனோடு இணைக்கும் அந்த மோடம் பல்வலிக்காரன் மாதிரி முனகி முனகி இணைப்பு கிடைத்ததும், என் பில்லுக்குக் கீழேயே உன் பில், யாருக்குப் போட்டாய், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று வரிசையாக விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறது. நான் செய்திருக்க வேண்டியது, அன்றே இறங்கிவந்து உன்னிடம் சொல்வது. செய்தது வேறு. அதை அச்சடித்து, மூன்றாக மடித்து, முகவரி தெரிய ஜன்னல் வைத்த பழைய தபால் உறை ஒன்றில் போட்டு ஒட்டி, வழக்கம்போலத் தபாலில் வந்தது போல் உன் கதவிடுக்கில் செருகினேன். சொன்னால் "நீ படிச்சியாடி?" என்றுதான் முதலில் கேட்பாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்து இரண்டு மாதம் போலித் தபால்காரி வேலை பார்த்தேன்.

மூன்றாவது மாதம்தான் அந்த நம்பர் கண்ணில் பட்டது. செவ்வாயும் வெள்ளியும், மத்தியானம் மூன்று மணிக்கு, ஒன்பது தடவை. அத்தான் போய் ஆறு வருஷம், நீ தனியாக இருக்கிறாய், தனியாக இருக்கிற பெண்களிடம் பேசிப் பேசி வீட்டையே எழுதி வாங்குகிற கும்பல்கள் இருக்கின்றன என்று எனக்கு நானே ஒரு சொற்பொழிவு நடத்தினேன். அக்கறை என்று பெயர் வைத்துக்கொண்டால் எதை வேண்டுமானாலும் படிக்கலாம் போலிருக்கிறது. எங்கள் நூலகத்தில் தலைப்பும் உள்ளடக்கமும் பொருந்தாவிட்டால் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போடுவோம், பிறகு விசாரித்துவிட்டு அழித்துவிடுவோம். கை பழக்கம். ஒன்பது அழைப்புக்கும் ஒன்பது கேள்விக்குறி போட்டேன். அடியில் "மொத்தம் 423, சராசரி 47" என்று எழுதினேன். அன்று சாயங்காலம் மடித்து, உறையில் போட்டு, செருகிவிட்டேன். அழிக்க மறந்துபோனது.

இதுவரை உனக்குத் தெரிந்த பாதி. அடுத்த நாள் திங்கட்கிழமை, நூலகத்து டெலிபோனிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டேன்.

"ஹலோ" என்றுதான் சொன்னேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே குரல் என்று எல்லோரும் சொல்வார்களே, அது எவ்வளவு சரி என்று அப்போது தெரிந்தது. அவர், "இன்னைக்குத் திங்கக்கிழமைதானே? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என் ஹலோவுக்கு இப்படி ஒரு பதில் வந்ததில்லை; நான் போன் செய்தால் இவர் "யாரு வேணும்?" என்பார். அந்தக் குரலைக் கேட்ட உடனே போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. புத்தகத்தில் பக்கம் கிழித்த மாணவர்களிடம் பேசும் குரலை எடுத்து, நீங்கள் யார் என்று கேட்டேன். ரேடியோ ரிப்பேர் கடை என்றார். "ஒரு ரேடியோ ரிப்பேருக்கு வாரம் ரெண்டு தடவை, நாப்பத்தேழு நிமிஷமா?" என்றேன். அந்தப் பக்கம் திருகாணி ஒன்று மேஜையில் உருளும் சத்தம் கேட்டது. பிறகு, "பழைய ரேடியோம்மா" என்று சொல்லிவிட்டு, மெதுவாகப் போனை வைத்தார். ஒரு பத்து நிமிஷம் எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டேன். எதற்கென்று கேட்காதே. மூன்று மணிக்குக் கீழே நீ டயல் செய்வதும், காத்திருப்பதும், வைப்பதும் கேட்டது. நான்கு தடவை. புதன்கிழமை காலை நீ மேலே வந்து அந்தத் தாளை இவருடைய தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாய். இவர் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். வாழ்க்கையில் இவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

"ஒம்பது கேள்விக்குறி போட்டிருக்கே. அதுல ஒண்ணையாவது என்கிட்ட கேட்டிருக்கலாமேடி" என்றாய்.

"பில்லெல்லாம் இப்ப கம்ப்யூட்டர்ல வருதுக்கா" என்றேன்.

"கம்ப்யூட்டர் பென்சில் வெச்சிருக்கா?"

நீ படிக்கட்டு வரை போய்த் திரும்பி, "நேத்து அவர் போனை எடுக்கல. அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்லையே?" என்றாய். நான் "இல்லக்கா" என்றேன். பில்லைப் படித்தது, பென்சில், உறை எல்லாவற்றையும் எப்படியாவது மன்னித்துவிடலாம். அந்த "இல்லக்கா"வை மட்டும் என்னாலேயே மன்னிக்க முடியவில்லை. சம்பந்தம் இருக்கிறது அக்கா. அவர் எடுக்காததற்கு நான்தான் காரணம். அவருக்கு உன் மேல் எந்த வருத்தமும் இல்லை. நீ வேறு மாதிரி நினைத்துக்கொண்டு கீழே தனியாக உட்கார்ந்திருக்கிறாயே என்றுதான் இந்தக் கடிதமே.

முந்தாநாள் சனிக்கிழமை, டெலிபோன் டைரக்டரியில் முகவரி தேடி எடுத்து, எங்கள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். அது நன்றாகத்தான் பாடுகிறது. வெறுங்கையோடு உள்ளே நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பின்பக்கத்தைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் கோளாறு இல்லீங்களே" என்றார். "அதுல இல்லீங்க. என்கிட்டதான்" என்றேன். ஹலோ சொல்லாமலே குரல் பிடிபட்டுவிட்டது. அவர் பின்னாலிருந்த சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டிய குறுக்கெழுத்துப் புதிர்கள் ஆறு, பாதி பாதி நிரப்பி, ஆணியில் குத்தியிருந்தன. பாக்கிக் கட்டங்கள் யாருக்காகக் காலியாக இருக்கின்றன என்று நான் கேட்கவில்லை. "என்னால அவங்களுக்கு வீட்ல சங்கடம் வரக்கூடாதுன்னுதான் எடுக்கல" என்றார். சங்கடம் உங்களால் இல்லை, என்னால்தான் என்றேன். இனி போன் வந்தால் தயவுசெய்து எடுங்கள் என்று கையைக் கூப்பிக் கேட்டேன். அவர் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடிக் கொடுத்தார். நீ இன்னொரு தடவை போட்டுப் பார் அக்கா.

இன்று காலை அந்தச் சேவையையே ரத்து செய்யச் சொல்லி வங்கிக்கு எழுதிவிட்டேன். உன் டெலிபோனை உன் பெயருக்கு மாற்றும் படிவமும் இத்துடன் இருக்கிறது. இனி உன் பில்லை என் கண்ணால் பார்க்க மாட்டேன், இது உறுதி. உடம்பைப் பார்த்துக்கொள். கதவைத் திற என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மாடியிலிருந்து வேண்டிக்கொள்ளும்,

உன் தங்கை.

பின்குறிப்பு: திங்கட்கிழமை எழுதிய இந்தக் கடிதம் தபால்தலை இல்லாமல் வெள்ளிக்கிழமை வரை மேஜையிலேயே கிடந்துவிட்டது. இதற்குள் வங்கியிலிருந்து பதில். சேவையை ரத்து செய்ய வேண்டுமானால் கடைசியாக வந்த பில்லைத் திறந்து "பார்த்துவிட்டேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டுமாம், வேறு வழியே கிடையாதாம். புது பில் புதன்கிழமையே வந்திருந்தது. தபாலாக இருந்தால் பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் திறந்தேன். இந்தச் செவ்வாய்க்கிழமை, மூன்று மணி, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். அவ்வளவு நேரத்தில் நான் மேலே எழுதியிருப்பது முழுவதும் உனக்கு வந்து சேர்ந்திருக்கும், அதுவும் என்னைவிட நல்ல வார்த்தைகளில். பொத்தானை அழுத்திவிட்டேன். கல்லூரிக்கு இன்று விடுமுறை, வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது மணி மூன்றேகால். கீழே நீ சிரிக்கிறாய். ஜன்னலைச் சாத்திவிட்டேன், நீ பேசி முடிக்கும்வரை திறக்க மாட்டேன். நீ பேசி முடித்தது எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் புரியவில்லை.