மைக்ரான் அண்ணனும் சின்னக் குச்சியும்

கிருமிக்கு வைத்த பெயர் சரியில்லை என்று கோபித்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கணபதி என்ற ஊரில் நான் வேலை பார்த்த லேத் பட்டறையில் இருந்தார். கடைந்த உருப்படி ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கூடிப்போனாலும் தூக்கி எறிந்துவிடுவார். அதனால் எல்லோருக்கும் அவர் மைக்ரான் அண்ணன்.

அவருடைய தம்பி, கல்யாணமான புதிதில், டி.பி. வந்து இரத்தம் கக்கிச் செத்துப்போனான். காரியம் முடிந்ததும் அண்ணன் நேராக ஆஸ்பத்திரி லேபுக்குப் போனார். துணைக்கு நான். அங்கே ஒரு பெண் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் கிருமி எப்படி இருக்குமுங்க?"

"குச்சியாட்ட இருக்குங்க. பேசில்லஸ்னு சொல்லுவாங்க. லத்தீன் பாஷைல சின்னக் குச்சின்னு அர்த்தமுங்க."

"எத்தன நீளமுங்க?"

"ரெண்டு, மூணு மைக்ரான்."

அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. "ஆறடி ஆளைத் தின்னுபோட்டு நிக்குது. அதுக்குச் சின்னக் குச்சின்னா பேரு வெப்பாங்க? பல்லுக் குத்தறதுக்குங்களா? பேரு வெச்சவன் ஊட்டுல ஒருத்தரும் சாகலையாட்ட இருக்குது."

அதன்பின் டீக்கடையில், பஸ்ஸில், சாவு வீட்டில்கூட இதே வழக்குதான்.

அடுத்த மழைக்காலத்தில் எனக்கு இருமல் வந்தது. சளியில் அதே கிருமி. தினமும் விடிந்ததும் அண்ணன் என் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் மாத்திரையை விழுங்கியதும் டார்ச் அடித்து வாயைச் சோதிப்பார். "நாக்கத் தூக்கு கண்ணு. ம், பாஸ்." அந்த மாத்திரை மூத்திரத்தைச் சிவப்பாக்கும். "இன்னிக்குச் செவப்பாப் போச்சா?" என்று பட்டறை நடுவே மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்பார். நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே கூசுகிறவன் நான். லேத்துக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருக்கும்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. அந்தச் சமயம் என் மகளைப் பெண் பார்க்கக் கொடுமுடியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள்.

"மாத்திரை போதுங்ணா. ஞாயித்துக்கிழமை நீங்க இந்தப் பக்கம் வராதீங்க. தெரிஞ்சா சம்பந்தம் போயிரும்."

அவர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் கையில் மாத்திரையோடு வந்து நின்றார்.

"இவருக்கு டி.பி.ங்க. இப்பத் தொத்தாதுங்க, பயப்படாதீங்க. நடுவுல நிறுத்தினாத்தான் ஆளைக் கொன்னுபோடும். கிருமி ரெண்டே மைக்ரான்தானுங்க. பேரக் கேட்டா சிரிப்பீங்க."

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர்கள் வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் என் மனைவி அண்ணனைப் பார்த்து, "உங்க வாயில மண்ணு விழ," என்றாள்.

"திட்டட்டும். நீ முழுங்கு கண்ணு."

அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. அவர் வருவதும் நிற்கவில்லை. மாத்திரைக்கு மட்டும் வாயைத் திறந்தேன்.

ஆறு மாதம் முடிந்து, கிருமி இல்லை என்று லேபில் சொன்னார்கள். வெளியே வந்த அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பிக்கும் ரெண்டு மாசத்துல இருமல் நின்னுச்சு கண்ணு. பொண்ணு ஊட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு மாத்திரைய ஒளிச்சு வெச்சது நாந்தான். கல்யாணம் ஜோராத்தான் நடந்துச்சு."

நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கும் வாங்ணா," என்றேன்.

"எதுக்கு? மாத்திரைதான் தீந்துபோச்சே."

"சும்மாத்தான். வாங்ணா."