ஒரு புகாரும் வராத வாரம்

நூலகத்தில் அவருக்கு ‘அப்டேட்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. கம்ப்யூட்டரில் எது புதிதாக வந்தாலும் முதல் நாளே ஏற்றிவிட்டு, இரண்டாம் நாள் முழுக்க அதைச் சரிசெய்துகொண்டிருப்பார். மனிதர் நல்லவர். யாராவது ‘புதுசு’ என்று சொல்லிவிட்டால் மட்டும் தலைகால் புரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமை நூலகரின் அறைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

“மேடம், நம்ம ஒன்பது கம்ப்யூட்டருக்கும் டெஸ்க்டாப்பையே, அதான் திரையோட முகத்தையே, மாத்திடப் போறேன்.”

“எதுக்கு? எல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

“ஓடுது மேடம். ஆனா பழசா ஓடுது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“அடுத்த வாரம் கழிச்சு, திங்கக்கிழமை மாத்துங்க. பழக மூணு நாள் தரேன். அதுக்கப்புறம் ஒரு வாரம், ஒரு புகார் கூட என் மேசைக்கு வரக்கூடாது. வந்துச்சுன்னா, கீழ்த்தளக் கிடங்குல பழைய புத்தகம் அடுக்க ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க, உங்களை அனுப்பிடுவேன். ஒரு வருஷம்.”

அப்டேட் அங்கேயே தும்மினார். கிடங்கு என்ற பேச்சை எடுத்தாலே தும்முகிற மூக்கு அது. போன வருடம் பத்து நிமிடம் உள்ளே போய்விட்டு வந்து இரண்டு நாள் விடாமல் தும்மியவர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டோமோ என்று அப்போதே தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று அவருடைய லேப்டாப். இன்னொன்று ஜன்னலோர மேசையில் இருக்கும் மனைவியுடையது. அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துவது அவள் தொழில். நானூறு பக்கத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

“என்னங்க பண்றீங்க என் கம்ப்யூட்டர்ல?”

“புது டெஸ்க்டாப் ஏத்தறேன்.”

“பழசுக்கு என்ன?”

“உள்ள எல்லாம் அதேதான்ம்மா. வீடு அதே வீடு. சாமான் இருக்கிற இடம்தான் மாறும்.”

“சமையலறையிலயும் ஒரு தடவை இப்படித்தான் மாத்தி வெச்சீங்க. உப்பு டப்பா கிடைக்க நாலு நாளாச்சு.”

“அது வேற, இது வேற.”

“சனிக்கிழமைக்குள்ள நானூறு பக்கம் முடிச்சுக் கொடுக்கணும்ங்க.”

“பழகிடும்.”

“பழகப் பழகப் பாலும் புளிக்கும்,” என்று நகர்ந்துகொண்டாள்.

பத்து நிமிடத்தில் இரண்டிலும் திரை மாறியது. கீழே இருந்த பட்டை மேலே போய்விட்டது. பின்னால் ஒரு நீல மலை. அம்புக்குறியைக் கொண்டுபோய் மேல் மூலையில் முட்டினால், திறந்து வைத்ததெல்லாம் சுருங்கித் திரை முழுக்கச் சிதறியது.

“பாரு, பாரு! இதுதான் இதோட விசேஷமே. பழசுல இது கிடையாது.”

“எனக்குத் தலையைச் சுத்துது.”

அவருக்கும் சுற்றியது. வெளியே சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த மூலைப் பக்கமே அவர் போகவுமில்லை.

“பழசை அழிச்சிட்டீங்களா?”

“அழிக்கலை. அது பாட்டுக்கு ஒரு ஓரமா கிடக்கும்.”

“எந்த ஓரம்?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எங்கே அணைப்பது என்று தெரியாமல் லேப்டாப்பின் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து போனார். நூலகத்தில் காட்டுவதற்காகச் செய்துவைத்த நாற்பது பக்க விளக்கப் படத்தைச் சேமித்துவிட்டு, எங்கே சேமித்தோம் என்று அரை நாள் தேடினார். மனைவி “எப்படிங்க இருக்கு?” என்று கேட்டால், “வழுக்கிக்கிட்டுப் போகுது!” என்பார். அவளும் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

வியாழக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தார். மனைவி அவருடைய மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பைத் திறந்தார். அதே நீல மலை, மேலே அதே பட்டை. ஆனால் என்ன ஆச்சரியம்! கை எதைத் தேடிப் போனதோ அது அந்த இடத்திலேயே இருந்தது.

“பார்த்தியா? நாலாம் நாள் பழகிடுச்சு. மூளைன்னு ஒண்ணு இருந்தா எல்லாம் பழகும்.”

“இருந்தா நல்லதுதாங்க.”

“உனக்கு எப்படி?”

“எனக்கும் ஒரு கஷ்டமும் இல்லை,” என்றாள். நானூறு பக்கத்தையும் வெள்ளிக்கிழமையே முடித்துக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நூலகத்தில் ஒன்பது கம்ப்யூட்டரும் மாறின. ஒன்பது முகமும் மாறின.

நாளிதழ்ப் பிரிவில் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, என் பட்டையை மட்டும் கீழ வெச்சுடு. நான் ரிட்டயர் ஆனதும் நீ எங்க வேணா வெச்சுக்கோ.”

“பழகிடும் சார்.”

இரவல் கவுண்டர் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. “அண்ணே, அந்த மூலையில அம்பு பட்டா எல்லாம் சிதறி ஓடுது. வரிசையில நிக்கறவங்க சிரிக்கறாங்க.”

“அதான்க்கா விசேஷமே! நாற்பது பக்கம் படம் போட்டுக் காட்டினேனே?”

“படத்துல நல்லாத்தான் இருந்துச்சு.”

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஒரு புகார்க் கடிதம் தயாராகிவிட்டது. ஒன்பது கையெழுத்து. தேதி மட்டும் போடவில்லை. மூன்று நாள் கெடு முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள்.

கடித விஷயம் காதில் விழுந்து, அன்று வீட்டுக்கு வந்த அப்டேட் செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

“கிடங்குதான்ம்மா. ஒரு வருஷம்.” மூன்று தும்மல். நிஜமாகவே பயந்து போயிருந்தார். மனைவிக்குப் பாவமாக இருந்தது.

“நான் வேணா நாளைக்கு வந்து அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டுமா?”

“நீயா? உனக்கென்ன தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா கஷ்டப்பட்டவ சொன்னா கஷ்டப்படறவங்க கேப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, நான் சொல்லிக் கொடுக்கும்போது நீங்க பக்கத்துல நிக்கக் கூடாது.”

“ஏன்?”

“உங்களைப் பார்த்தாலே பயந்துக்கறாங்களாமே.”

புதன்கிழமை மத்தியானம் அவள் ஒவ்வொரு மேசையாகப் போனாள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். அப்டேட் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். உள்ளே முதலில் குசுகுசுப்பு கேட்டது. அப்புறம் சிரிப்பு. மாலையில் அந்தப் புகார்க் கடிதம் நான்காகக் கிழிந்து குப்பைக்கூடையில் கிடந்தது.

“என்ன மந்திரம் போட்டே?”

“நீங்க சொன்னதைத்தாங்க சொன்னேன். வீடு அதே வீடுன்னு.”

ஒரு வாரம் ஒரு புகார் இல்லை. அப்டேட்டின் நடையே மாறிவிட்டது. பெரியவர் தாமாகவே வந்து, “தம்பி, புதுசு புதுசுதான்!” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். போகிற போக்கில் அவர் ஏன் வாயைப் பொத்திக்கொண்டார் என்று அப்டேட் யோசிக்கவில்லை. மாற்றம் ஒன்றே மாறாதது என்று கேட்காதவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

எட்டாம் நாள் மேடம் பார்வையிட வந்தார். அப்டேட் இரவல் கவுண்டர் நாற்காலியில் தாமே உட்கார்ந்தார்.

“மேடம், இதோட விசேஷத்தைப் பாருங்க!”

அம்பை மூலையில் கொண்டுபோய் முட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை முட்டினார். மௌஸைத் தூக்கி உதறிவிட்டு முட்டினார். திரை ஆடாமல் அசையாமல் இருந்தது. கவுண்டர் அக்கா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பெரியவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

அப்டேட் திரையை உற்றுப் பார்த்தார். மேலே பட்டை, பின்னால் நீல மலை. எல்லாம் வேஷம். உள்ளே உட்கார்ந்திருப்பது பழசு! எட்டிப் பக்கத்து மேசை அம்பையும் மூலையில் முட்டிப் பார்த்தார். அங்கேயும் பழசு. அதற்கடுத்ததிலும் பழசு.

“என்ன காட்டறீங்க?” என்றார் மேடம். கை கண்ணாடிக்குப் போனது.

உண்மையைச் சொன்னால் கிடங்கு. மூக்கு அரித்தது.

“அமைதியைக் காட்டறேன் மேடம். முன்னாடியெல்லாம் இந்த மூலையில முட்டினா என்னென்னவோ ஆகும். இப்ப பாருங்க, ஒண்ணுமே ஆகல!”

“சபாஷ்! கிளை நூலகத்துலயும் மாத்திடுங்க. மறக்காம உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.”

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார்.

“ஒன்பது பேரையும் பழசுக்கே அனுப்பிட்டியா?”

மனைவி அச்சுத் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அனுப்பலைங்க. வழி காட்டினேன். பாஸ்வேர்ட் கேக்கற திரையில, ஓரமா மிளகு அளவுக்கு ஒரு சக்கரம் இருக்கு. அதை அமுக்கினா பழசு வேணுமா, புதுசு வேணுமான்னு கேக்குது. நீங்கதானே ஓரமா கிடக்குன்னு சொன்னீங்க?”

“அப்ப மேல இருக்கிற பட்டை?”

“பழசுலயும் பட்டையை இழுத்து மேல விடலாம்.”

“மலை?”

“அது வெறும் படம்தானே.”

“நீயும் பழசுலதான் இருக்கியா?”

“அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துலேருந்து.”

அப்டேட்டுக்கு ரோஷம் வந்தது. அதோடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. “அப்ப இந்த ஊர்லயே புதுசை நம்பி நிக்கறவன் நான் ஒருத்தன்தான். பரவாயில்லை! யார் திரும்பிப் போனாலும் நான் போக மாட்டேன். ரெண்டு வாரமா இதுலதான் வேலை செய்யறேன், கை தானா போகுது. இதோ பாரு!”

லேப்டாப்பைத் திறந்தார். இத்தனை நாள் போகாத மூலைக்கு அம்பைக் கொண்டுபோனார். முட்டினார். மறுபடியும் முட்டினார்.

நீல மலை அப்படியே நின்றது.

“என் பாஸ்வேர்ட் உனக்கு எப்படித் தெரியும்?” குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“என் பிறந்தநாள். அதையாவது ஞாபகம் வெச்சிருக்கீங்களேன்னு சந்தோஷமா இருந்துச்சு.” அவள் ஒரு பிழையைச் சுழித்துவிட்டு நிமிர்ந்தாள். “நீங்க தேடித் தேடி அலையறதைப் பார்க்கப் பாவமா இருந்துச்சுங்க, அதான் அந்த வியாழக்கிழமை நீங்க குளிக்கப் போனப்ப மாத்தி வெச்சேன். அப்புறம் உங்களுக்கே தெரியலைன்னதும்தான், மேடத்துக்கு நிச்சயமா தெரியாதுங்கற தைரியமே வந்துச்சு.”