தொரட்டி மாஸ்டரும் பினாங்குச் செம்பருத்தியும்

உலகத்தில் எந்த மூலையில் பூப் பூத்தாலும் அது தன் வீட்டுப் பிள்ளையாருக்காகத்தான் பூத்தது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தொரட்டி மாஸ்டர். விடியற்காலையில் அவர் தெருவில் இறங்கினால் திருப்பூரின் பாதிக் காம்பவுண்டுச் சுவர்களுக்குக் காய்ச்சல் வரும். கையில் கொக்கி வைத்த தொரட்டி, தோளில் மஞ்சள் பை. வீட்டுக்காரர் கதவைத் திறப்பதற்குள் செடி மொட்டையாகிவிடும். யாராவது பிடித்துவிட்டால், "சாமிக்குத்தானுங்க! புண்ணியத்துல பாதி உங்களுக்குத்தானுங்க" என்பார். மீதிப் பாதி யாருக்கு என்று கேட்கும் துணிச்சல் எவருக்கும் வந்ததில்லை.

விடிந்த பிறகு அவர் வேறு மனிதர். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில் எங்களிடம் சரக்கு எடுக்கும் பையர் ஒருவர் இருந்தார். அவருக்கு அனுப்பிய டி-ஷர்ட்டுகள் ஒரே துவைப்பில் சுருங்கி, அப்பாவுக்கு வாங்கியதைப் பிள்ளைக்குப் போடும்படி ஆகிவிட்டது. அடுத்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி. எனக்கோ வெள்ளகோவிலில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். "மாப்பிள்ளைக்கு வேலை நெலைக்குமுங்களா? அது தெரியட்டும், பொறகு பத்திரிகை அடிச்சுக்கலாமுங்க" என்று பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி விமானத்தில் கால் வைக்கமாட்டார். ஆகவே இங்கிலீஷ் பேச நான், துணியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல மாஸ்டர். புதுத் துணியில் அவசரமாகத் தைத்த ஒரே ஒரு வெள்ளை டி-ஷர்ட்டைக் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். "ஃபாரின்ல மஞ்சப் பையைத் தூக்கிட்டு அலையாதீங்க மாஸ்டர்" என்று முதலாளி பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். தொரட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பினாங்கில் இறங்குகிறவர்கள் எல்லோரும் உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்ப்பார்கள். மாஸ்டரின் கழுத்து சுவர் உயரத்துக்கு மேல் நிமிரவே இல்லை. வேலி முழுக்க இட்லிப்பூ, சுவர் மேல் காகிதப்பூ, தட்டு அகலத்துக்குச் செம்பருத்தி.

"ஏனுங்க தம்பி, இதெல்லாம் நமக்கு முன்னாடியே ஏரோப்ளேன் ஏறி வந்துருச்சுங்களா?" என்றார். கட்டிக்கொடுத்த ஊரில் மகளைப் பார்த்த தகப்பன் மாதிரி அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை பையர் ஆபீசுக்கு நடந்து போகையில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஒரு பங்களாச் சுவரோரம் நிற்கிறார். குடையைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த கைப்பிடியால் செம்பருத்திக் கிளையை இழுத்துக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கு உள்ளே ஒரு சீன அம்மாள் தன் மொழியில் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"சாமிக்குங்க அம்மிணி! புண்ணியத்துல பாதி..."

"மாஸ்டர், போலீசு வந்தா என்ற கல்யாணமே நின்னு போயிருமுங்க!" என்று கத்தினேன்.

"சித்தெ இருங்க தம்பி, உச்சியில ரண்டு இருக்குது."

அந்த இரண்டையும் பறித்து, ஒன்றைச் செடிக்குச் சொந்தக்காரியான அந்த அம்மாளுக்கே தானமாகக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார்.

பை இல்லாத மனிதர் பறித்த பூவையெல்லாம் எங்கே போட்டார் என்பது, அவர் சுமந்து வந்த சாம்பிள் கவரைப் பையரின் மேசையில் பிரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கசங்கிய செம்பருத்திகளுக்கு நடுவே எங்கள் ஒரே டி-ஷர்ட், மார்பில் கத்தரிப்பூக் கலரில் பெரிய கறையோடு. பையர் என்னைப் பார்த்தார். நான் வெள்ளகோவிலை நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டர் டி-ஷர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினார். உள்ளேயிருந்து தொப்பு தொப்பென்று துவைக்கும் சத்தம். வெளியே வந்து, பிழிந்து உதறி, ஃபேனுக்கு அடியில் பையருடைய நாற்காலியிலேயே காயப்போட்டார். நாற்காலி பறிபோன பையரும் எங்களோடு நின்றுகொண்டு, அது காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ந்ததும் பையர் ஏதோ தோன்றியவராய் டேப்பை எடுத்தார். மார்பை அளந்தார், நீளத்தை அளந்தார், நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார். கறை போகவில்லை, சட்டை சுருங்கவும் இல்லை. தன் கண் முன்னாலேயே துவைத்துக் காட்டிய ஒரே சப்ளையர் நாங்கள்தான் என்று இங்கிலீஷில் சொல்லி, மாஸ்டரின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சொல்றாருங்க தம்பி? பூ வேணுமாமா?" என்று மாஸ்டர் என் காதைக் கடித்தார். அந்த நேரத்தில் அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஆர்டர் கிடைத்தது. பத்திரிகையும் அடித்தார்கள். கல்யாணத்தன்று பூக்கடையில் சொல்லிக் கட்டிய ரோஜா மாலை மணவறையில் தயாராக இருந்தது. அப்போது மாஸ்டர் தன் கையால் கட்டிய மாலையோடு மூச்சு வாங்க வந்து நின்றார். அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி என்று பெரிதும் சிறிதுமாக, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. வந்திருந்தவர்களில் பலபேர் அதில் தங்கள் வீட்டுப் பூவை அடையாளம் கண்டு முறைத்தார்கள்.

"இருட்டோட கெளம்பி ஊரையே சுத்தி வந்தேனுங்க தம்பி. இன்னைக்கு ஒரு நாளைக்குப் பிள்ளையாருக்கு இல்லீங்க" என்றார்.

ரோஜா மாலையை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு எட்டும்படி தலையைக் குனிந்தேன்.