இன்னாத்துக்கு அண்ணனும் எங்கள் வீட்டுத் தூளியும்

பெரிய காஞ்சிபுரத்தில் அவரைப் போல இன்னும் நாலு பேர் இருந்திருந்தால், கடைத்தெருவில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கப் போயிருக்கும். நல்லவேளை, ஆண்டவன் ஒருவரோடு நிறுத்திக்கொண்டான். அந்த ஒருவருக்குப் பக்கத்துப் போர்ஷனில் எங்களைக் குடிவைத்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரேஷன் கார்டில் ஏதாவது இருக்கும். தெருவுக்கு அவர் ‘இன்னாத்துக்கு’. வயதில் சிறியவர்களுக்கு ‘இன்னாத்துக்கு அண்ணன்’. ஐம்பதை நெருங்கும் வயது, பட்டு நெசவு, தனிக்கட்டை. தெருவில் யார் எதை வாங்கிக்கொண்டு வந்தாலும் தறியை விட்டு எழுந்து வந்துவிடுவார். பொருளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். மோவாயைச் சொறிவார். பிறகு, “இது இன்னாத்துக்கு?”

கிண்டலாகக் கேட்கமாட்டார், அதுதான் விஷயம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்பார். பதில் சொல்லப் போனவர்கள் மாட்டிக்கொள்வார்கள். எதிர்வீட்டு ஜெயாக்கா ஏர் ஃப்ரையர் வாங்கி வந்த அன்று, “எண்ணெய் இல்லாமலே வடை சுடலாமாம்” என்று பெருமையாகச் சொன்னாள்.

“எண்ணெய் வோணாம்னா இட்லி துன்னுட்டுப் போயேம்மா. வடை இன்னாத்துக்கு?” என்றார்.

ஜெயாக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பெட்டி இன்றும் பரணில் இருக்கிறது. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வந்த ஓர் ஆளை இப்படியே கேட்டுக் கேட்டு, கடைசியில் விற்க வந்தவரே டையைத் தளர்த்திக்கொண்டு, “நான் இன்னாத்துக்கு சார் இந்த வேலைக்கு வந்தேன்?” என்று நொந்துபோய், ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இந்தக் கேள்வியை அவரிடமே ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட வேண்டும் என்பது எங்கள் தெருவின் பல வருஷத்து ஏக்கம். மனிதர் இடமே கொடுக்கமாட்டார். காரணமில்லாமல் அவர் ஒரு துரும்பை நகர்த்தியும் யாரும் பார்த்ததில்லை. வெளியூர்க்காரர்கள் தறி பார்க்க வந்து, ஃபோட்டோவுக்காக ஒரு மிதி மிதிக்கட்டுமா என்றால் கையெடுத்துக் கும்பிடுவார். “குறுக்கு நூலு போற நாடாவ ஓட்டாம வெறும் மிதி மிதிச்சா, நெட்டுக்குப் போற பாவு இழை தேஞ்சிபூடும்பா. இன்னாத்துக்கு?” அமாவாசை என்றால் தறிப் பக்கமே போகமாட்டார். அது நெசவுத் தெருவுக்கே உள்ள வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் அவசர ஆர்டர் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு நெய்துவிடுவார்கள். இவர் ஊஹூம். “தறிக்கும் ஒரு நாளு தூக்கம் வோணும்” என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்தில் குடியிருக்கும்போதுதான் என் மனைவி கவிதா மாசமானாள்.

எங்களுடையது காதல் கல்யாணம். இரண்டு வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்பதெல்லாம் எங்களுக்குக் கிடையாது. எனக்குப் புடவைப் பெட்டி அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை, அவளுக்கு ஒரு பட்டுக் கடையில் சேல்ஸ். இரண்டு சம்பளத்தில் இழுத்துப்பிடித்து ஓடிய குடும்பம், இனி ஒரு சம்பளத்தில் மூன்று பேரோடு ஓடவேண்டும். இதற்கு நடுவே அவளுடைய ஃபோன் வேறு, விஷயத்தை எப்படியோ மோப்பம் பிடித்து, தொட்டதற்கெல்லாம் குழந்தைச் சாமானாகக் காட்டிக்கொண்டிருந்தது.

எங்களுக்கும் அவருக்கும் நடுவே இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். நீளமான ஒரே வீட்டை ஹவுஸ் ஓனர் குறுக்கே சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார். நாங்கள் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். அதனால் கவிதா, “தள்ளுவண்டி ஒண்ணு பாத்தேங்க, ஆஃபர்ல இருக்குது” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் வாசலில் நின்றார்.

“தள்ளுவண்டி இன்னாத்துக்கு? தெருவக் குழாய்க்கு நோண்டிப் போட்டிருக்கிறானுங்க. ஆட்டோக்காரனே முனையில எறக்கிவுட்டு ஓடிப்பூடுறான். நீ கொயந்தைய வச்சி எங்க தள்ளப்போற?”

“சரி, குளிப்பாட்ட ஒரு பாத் டப்பாவது வேணும் இல்லண்ணா?”

“கால் இருக்குதேம்மா. டப்பு இன்னாத்துக்கு?”

சொன்னதோடு விட்டாரா? உள்ளே போய் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்தார். வாசலில் மணை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பூசணிக்காயைக் காலில் கிடத்தி, எண்ணெய் தடவி, பயத்தமாவு தேய்த்தார். “தண்ணி கண்ணுல எறங்கக் கூடாது, பாத்துக்க” என்று அதன் நெற்றியில் உள்ளங்கையை அணைகொடுத்துச் சொம்பால் ஊற்றினார். துவட்டினார். கடைசியில் உப்பு மிளகாய் சுற்றித் திருஷ்டியும் கழித்தார். திருஷ்டிப் பூசணிக்காய்க்கே திருஷ்டி கழித்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கல்யாணமே ஆகாதவருக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? எனக்கு மண்டை காய்ந்தது. கேட்டே விட்டேன்.

“அத்தத் தெரிஞ்சிக்கினு நீ இன்னா பண்ணப்போற?” என்று பூசணிக்காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் அதைக் குழம்பு வைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். லேசாகப் பயத்தமாவு வாசம் அடித்தது.

எல்லாவற்றிலும் அவரே ஜெயித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். டயப்பர் விஷயத்தில் மண்ணைக் கவ்வினார். “துட்டு குடுத்து வாங்கி, மூத்திரம் பெய்யவச்சி, தூக்கிக் கடாசறதா? இன்னாத்துக்கு?” என்று தன் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து அடுக்கிக் கொடுத்தார். பாப்பா ஐப்பசியில் பிறந்தாள். மழையென்றால் மழை, அப்படியொரு மழை. வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் ஈரத்துணி மூஞ்சியில் அடித்தது. ஒருநாள் விடியலில் கொஞ்சம் வெயில் தலைகாட்டியதும் அவர் செய்த காரியம் இருக்கிறதே, பட்டுப் பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டுவதற்காகத் தெருவில் நட்டிருந்த கம்புகளில் கயிற்றைக் கட்டி, தெரு நீளத்துக்கும் பாப்பாவின் துணிகளை உலர்த்திவிட்டார். பாவு போட வந்தவர்கள் நூலைக் கையில் ஏந்திக்கொண்டு திகைத்து நின்றார்கள்.

“இந்தத் தெருவுல பட்டுப் பாவு பாத்திருக்கறேன். பீத்துணிப் பாவு இப்பத்தாம்பா பாக்கறேன்” என்றார் அதில் பெரியவர் ஒருவர்.

அன்று சாயங்காலம் இன்னாத்துக்கு அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். “அந்த டயப்பரு இன்னா வெலன்னு கேளுமா. வெளிய தெருவ போனா மட்டும் போட்டுக்கோ. மட்டும்தான்.”

ஆனால் கவிதாவை அழவைத்தது தொட்டில்தான். பேட்டரியில் தானே ஆடும் தொட்டில் ஒன்றை அவள் மாசக்கணக்கில் பார்த்து வைத்திருந்தாள். தவணையில்கூடத் தருவதாகப் போட்டிருந்தான். இவர் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். எங்கள் போர்ஷனிலும் ஒரு காலத்தில் தறி இருந்திருக்கிறது. அதற்காக அடித்த இரும்புக் கொக்கி அப்படியே இருந்தது. “கொக்கி இருக்குது, உன் பொடவை இருக்குது. தொட்டில் இன்னாத்துக்கு?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“எம் புள்ளைக்குன்னு புதுசா ஒண்ணுகூட இல்லல்ல? பழைய வேட்டி, பழைய கொக்கி” என்று கவிதா தேம்பினாள். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் தவணை கட்ட எங்களால் ஆகாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுடைய பழைய காட்டன் புடவையில் தூளி கட்டினோம்.

அதிசயம் பாருங்கள், பகலில் தூளியில் போட்ட உடனே பாப்பா தூங்கினாள். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். எங்கள் வளர்ப்பு அப்படி என்று நாங்கள் பூரித்துப்போனோம். அந்தப் பூரிப்பு கார்த்திகை அமாவாசை வரைக்கும்தான். அன்று காலையிலிருந்து அழுகை. மார்பில் போட்டால் அழுகை, தூளியில் போட்டால் அதைவிட அழுகை. ஜெயாக்கா வசம்பு இழைத்துக் கொண்டுவந்தாள், ஓமத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை. தறி லீவில் இருந்த இன்னாத்துக்கு அண்ணன் மட்டும் ஓரமாக நின்று, மோவாயைச் சொறிந்தபடி, குழந்தையைப் பார்க்காமல் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “நான் மிதிக்கறேன், நீ அதும் மூஞ்சியப் பாத்துக்கினு சொல்லு.”

டக்… டக்… தறி ஓடியது. பாப்பா கண்ணைச் செருகினாள். தறி நின்றது. பாப்பா பட்டென்று விழித்தாள். ஓட்டினார், தூங்கினாள். நிறுத்தினார், விழித்தாள். அன்று பகல் முழுக்க இதே ஆராய்ச்சி. விஷயம் இதுதான்: உத்தரம் இரண்டு வீட்டுக்கும் ஒரே மரம். அவர் தறி அதிர்ந்தால் எங்கள் தூளியும் லேசாக நடுங்கும். பாப்பா பழகியது அந்தச் சத்தத்துக்கும் நடுக்கத்துக்கும். நான் சாமர்த்தியமாகத் தறிச் சத்தத்தை ஃபோனில் பதிந்து போட்டுப் பார்த்தேன். பாப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வீறிட்டாள்.

“ஃபோனு உத்தரத்த ஆட்டுமா? இன்னாத்துக்குபா அந்த வேலை?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு மிதி தப்பினாக்கூடக் கண்டுபுடிக்கிறா. எம் மொதலாளிகூட இப்பிடி உசாரா இல்லப்பா” என்று சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகு பாப்பா விழித்திருக்கும் நேரம்தான் அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

இந்த நேரத்தில்தான் கவிதாவின் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். தை மாசத்து முகூர்த்தங்களுக்கு வெளியூர்க்காரர்கள் ஃபோனிலேயே புடவை எடுக்கிறார்கள், வீட்டிலிருந்தே படம் அனுப்பிப் பேசி வியாபாரத்தை முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். “ஆனா லைன்ல கொயந்த அயுற சத்தம் வரக்கூடாதும்மா. சரிப்பட்டு வரலன்னா வேற ஆளப் போட்டுப்போம்” என்றார் மேனேஜர். எங்களுக்கு அது வேலை இல்லை, மூச்சு. வாடகை போக மிச்சத்தில் மாசக் கடைசியில் பாலுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தோம்.

கவிதா பேசினாள். பாப்பா தூங்கினாள். தறி ஓடியது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், ஃபோனில் தறிச் சத்தம் கேட்டதும் ஆட்கள் மயங்கிப்போனார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குக் குடும்பம் முழுக்கப் புடவை எடுக்கிறவர், “நெய்யற எடத்துலயே இருக்கறீங்களா கண்ணு?” என்று கேட்டார். “ஆமாங்கம்மா, பக்கத்துலதாங்க” என்றாள் கவிதா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

“அப்ப நாளான்னைக்குப் பேசி முடிச்சுப்போடலாங்க. நெறஞ்ச அமாவாசை” என்றார் அந்த அம்மா.

கவிதா என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அந்த ஆர்டர் முடிந்தால் வேலை நிலைக்கும், லைனில் பாப்பா அலறினால் போச்சு. அவரிடம் எப்படிக் கேட்பது? அமாவாசையில் தறியைத் தொடச் சொல்வது அவரைச் செருப்போடு கர்ப்பக்கிரகத்துக்குள் போகச் சொல்வது மாதிரி. முந்தின நாள் சாயங்காலம் போய் அவர் வாசலில் நின்றேன்.

“இன்னாத்துக்குபா வந்த?”

நான் அவருடைய தறியைப் பார்த்தேன். “சும்மாதாண்ணா.”

“சும்மா எவன்பா வருவான்?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அமாவாசை. லீவு போட்டுவிட்டு நான் தூளிப் பக்கத்திலேயே நின்றேன். ஃபோன் வந்தது. கவிதா அடுப்பங்கரை மூலையில் போய் நின்று பேச ஆரம்பித்தாள். பேச்சு பட்டுப்பாவாடைக்கே இன்னும் வரவில்லை, அதற்குள் பாப்பா நெளிந்தாள். ஆட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். கவிதா பேசிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பாப்பா வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள்.

டக்.

தூளி நடுங்கியது. டக்… டக்… டக்… இழுத்த மூச்சை விட்டுவிட்டு, பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் வெளியே ஓடி அவர் வாசலில் எட்டிப் பார்த்தேன். தறிக்கு முன்னால் கற்பூரம் எரிந்து முடிந்த கரி இருந்தது. நாடாவைத் துண்டில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் தறியை மிதித்துக்கொண்டிருந்தார். நாடா ஓடவில்லை, நெய்யவில்லை. ஏறி இறங்கும் பாவு இழைகளைக் கவலையோடு பார்த்துக்கொண்டு, வேர்த்து வழிய, திருட்டுத்தனம் செய்கிற முகத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ஜெயாக்கா வந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. தெருவே பல வருஷமாகக் காத்திருந்த நேரம். ஜெயாக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

“அமாவாசையும் அதுவுமா வெறும் தறிய மிதிச்சிக்கினுகிறியே. இன்னாத்துக்கு?”

அவர் நிமிரவில்லை. காலையும் நிறுத்தவில்லை.

“சும்மா” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் கவிதாவின் பேச்சு மாப்பிள்ளை வீட்டுப் புடவைக்குப் போயிருந்தது. ஆர்டர் முடிந்தது. வேலை நிலைத்தது. அன்றைக்கு அவர் பாவில் எத்தனை இழை அறுந்தது என்று கேட்டேன், அறுந்த முனைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது நாங்கள் ஐயம்பேட்டைப் பக்கம் கொஞ்சம் பெரிய வீட்டில் இருக்கிறோம். பாப்பா எல்கேஜி போகிறாள். எதைப் பார்த்தாலும், “இது இன்னாத்துக்கு?” என்கிறாள். யாரிடமிருந்து வந்தது என்று டீச்சருக்கு எப்படிச் சொல்வது? அமாவாசைக்கு அமாவாசை, அவருடைய தறி தூங்குகிற நாளில், மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிடுவோம். போன அமாவாசைக்கும் போனோம். பாப்பா, “பெரிப்பா” என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினாள். வாசலுக்கு வந்தவர் எங்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், மோவாயைச் சொறிந்தார்.

“இவ்ளோ தூரம் இன்னாத்துக்கு வந்தீங்க?”

“சும்மாதாண்ணா” என்றாள் கவிதா.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பாயை உதறிப் போட்டார்.